நம்பர் ஏற ஏற

துணி துவைக்கும் எந்திரத்துக்கும்
உறைபெட்டிக்கும் நடுவே
ஆறடிக்கு நாலடி.
அதுதான் கடை.
பெயர்ப்பலகை கிடையாது. வாசல் விளக்கு எரிந்தால் திறந்திருக்கிறேன்.
அணைந்திருந்தாலும் தட்டுவார்கள்.

தூண்டில் முள் போடும் பெட்டிகள்
என் வீட்டுக்காரர் ஓவீடுடையவை.
இப்போது குழிக்கு ஒரு நிறமாகப் பாசிமணி.
செக் தேசத்தில் உருகி, மாண்ட்ரியாலில் இறங்கி,
எட்மண்டனில் பத்து நாள் தூங்கி
ஃபோர்ட் ஸ்மித்துக்குக் குட்டி விமானத்தில் வரும்,
பனிமூட்டம் இல்லாவிட்டால்.

நம்பர் ஏற ஏற மணி சிறுக்கும்.
பதினொன்றைவிடப் பதின்மூன்று பொடி.
முதல் வருடம் இதைத் தலைகீழாக நினைத்து
ஆறாம் நம்பரில் இரண்டு கிலோ வரவழைத்தேன்.
பட்டாணி பட்டாணியாக
இன்னும் கிடக்கிறது. உங்களுக்கு வேண்டுமா?

தூசி உறிஞ்சும் குழாயின் வாயில்
காலுறை மாட்டாமல் யாரும் தரையைத் தொடக்கூடாது.
இது வீட்டுச் சட்டம்.
ஒருநாள் பானக் ரொட்டியில் நீலம் கடிபட்டது.
"எத்தனாம் நம்பர்?" என்றார் ஓவீட்,
பல்லைத் தடவிக்கொண்டே.

நிறத்தை எண் சொல்லிக் கேட்பவர்கள் வெளியூர்.
மார்சலீன் கேட்பாள்:
"ஆற்றுப்பனி உடைவதற்கு முந்தின நாள்
ஒரு நீலம் இருக்குமே?"
மூன்றாம் பெட்டி, ஒன்பதாம் குழி.
"அது இல்லை. அதற்கும் முந்தின நாள்."

ஜூன் வந்தால் ராத்திரி இருட்டாது.
விளக்கு எரிகிறதா என்று யாருக்கும் தெரியாது,
எல்லா நேரமும் தட்டுகிறார்கள்.
பள்ளி முடிக்கும் பிள்ளைகள் இந்த வருடம் ஒன்பது பேர்.
ஒன்பது தொப்பி, ஒன்பது ஜோடி மொக்கசின்,
அத்தைகள் எல்லோரும் ஒரே பச்சைமேல் கண்.

விழாவுக்கு முந்தின இரவு கிளீட்டஸ் வந்தார்.
சாலை மட்டப்படுத்தும் வண்டி ஓட்டுகிறவர்,
விரல் ஒவ்வொன்றும் போல்ட் மாதிரி.
மகள் தொப்பிக்கு அவரே கோக்கிறார்.
ஒரு இலை நுனி பாக்கி. நாற்பது மணி போதும்.
புதுக் கொத்தைப் பிரித்து வைத்தேன்.
அதே எண், வேறு உலை.
ஒரு மாத்திரை மஞ்சள் கூடிவிட்டது.
வைத்துப் பார்த்தார். எடுத்தார்.
"சரி" என்றார்.
குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட
வெகுநேரம் ஆயிற்று அவருக்கு.

கூடத்தில் என் மேலங்கி தொங்குகிறது.
புகை போட்ட மூஸ் தோல், மூன்று குளிர்காலம்,
எனக்கென்று நான் செய்கிற ஒரே ஒன்று.
அதன் இலைகள் பழைய பச்சை.
பார்க்காத மாதிரி நின்றேன்.
அவரும் பார்க்காத மாதிரிதான் கட்டினார்.
சனியன் பிடித்த கயிறு.

கத்தரியை எடுத்தேன்.

நூலை வெட்டினால் மணிகள் அழுவதில்லை,
சும்மா தட்டில் உதிர்கின்றன,
நேற்று வந்த சரக்கு மாதிரி.
சமையல் தராசில் கொட்டினேன்.
பூஜ்யம் காட்டிற்று.
பூஜ்யத்துக்கு என்ன விலை போடுவது?
சும்மா கொடுத்தால் மனுஷன் வாங்கமாட்டார்.
"ஐம்பது காசு" என்றேன்.
இரண்டு டாலர் நாணயம் நீட்டினார்.
சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.
கடை என்றால் கடைதான்.

மறுநாள் அரங்கில் எல்லோரும்
பெண்ணின் முகத்தைப் படம் எடுத்தார்கள்.
நான் இலை நுனியைத் தேடினேன்.
கடைசி வரிசை கொஞ்சம் கோணல்.
நூலை இழுத்துப் பிடிக்காமல் விட்டிருக்கிறார்.
எழுந்து போய்ச் சரிசெய்யக் கை துறுதுறுத்தது.

என் மேலங்கியில் அந்த இடத்தைப்
புதுப் பச்சையால் நிரப்பிவிட்டேன்.
கண்ணில் படுகிறது. படட்டும்,
அந்த இலை மட்டும் இந்த ஜூனில் துளிர்த்தது.

கணக்கு நோட்டில் வரவு ஐம்பது காசு.
சரக்கு என்ற கட்டத்தில்
எண் எழுதப் போய், அடித்துவிட்டு,
இலை என்று எழுதினேன்.
அளவு: நுனி மட்டும்.